எரிந்துவிட்டால் ஆயிற்றா?

புதிதாகப் போட்ட பிளக் பாயிண்டைச் சோதித்துப் பார்க்க நம் ஊரில் ஒரே ஒரு வழிதான் உண்டு. மொபைல் சார்ஜரையோ டேபிள் ஃபேனையோ செருகி சுவிட்சைத் தட்டுவது. ஓடினால், "சரியா இருக்கு சார்" என்று வயர்மேன் ஸ்க்ரூடிரைவரைப் பையில் போடுவார். வீட்டுக்காரர் பணத்தை எண்ணுவார். கரண்ட் வந்துவிட்டது, வேலை முடிந்தது. இதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே கிடையாது. லட்சக்கணக்கில் கொட்டி மாடுலர் கிச்சன் போட்டவரும், வாடகை வீட்டில் தொங்கும் ஜங்ஷன் பாக்ஸிலிருந்து கிரைண்டர் ஓட்டுபவரும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி.

அந்தக் கட்சியின் கொள்கை முழுக்கத் தவறு. ஒரு பிளக் பாயிண்டில் செய்யக்கூடிய ஆபத்தான தவறுகளை எடுத்துப் பாருங்கள். எர்த் வயரே இல்லாமல் விடலாம். ஃபேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றிக் கொடுக்கலாம். சுவிட்சை நியூட்ரலில் போடலாம். 16 ஆம்பியர் பாயிண்டுக்கு லைட்டுக்குப் போடும் மெல்லிய வயரை இழுக்கலாம். ஸ்க்ரூவைப் பாதி முடுக்கியதோடு விட்டுவிடலாம். இந்த ஐந்தில் எதைச் செய்தாலும் ஃபேன் ஓடும். ஐந்தையும் சேர்த்துச் செய்தாலும் ஓடும். தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பதிலைத் தருகிற ஒன்றைச் சோதனை என்று எப்படி ஒப்புக்கொண்டோம்?

எர்த்திலிருந்து தொடங்குகிறேன். அலட்சியம் அதிகம் நடமாடும் இடம் அதுதான். நம் மூன்று துளை சாக்கெட் ஐஎஸ் 1293 என்ற இந்தியத் தரத்தின்படி செய்யப்படுவது. பிரிட்டனின் பழைய பிஎஸ் 546 பிளக்கின் வாரிசு. பிரிட்டன் 1947இலேயே தட்டை முள் வடிவத்துக்கு நகர்ந்துவிட்டது, நாம் உருண்டை முள்ளோடு தங்கிவிட்டோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நல்ல வடிவம்தான். மேலே இருக்கும் முள் மற்ற இரண்டையும்விடப் பருமனாகவும் நீளமாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு. செருகும்போது எர்த் முதலில் தொடவேண்டும், உருவும்போது கடைசியாக விலகவேண்டும். ஷட்டர் வைத்த சாக்கெட்டில், மேல் முள் உள்ளே போனால்தான் கீழ்த் துளைகளின் மூடி திறக்கும். குழந்தை கம்பியை நுழைத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டைப் பேனா முனையால் நெம்பித் திறந்து, இரண்டு முள் பிளக்கைக் கீழே திணிக்கத் தெரியாத வீடு நம்மிடம் அபூர்வம்.

எதிர்த்தரப்புக்கு நியாயம் செய்யவேண்டும். எல்லாவற்றுக்கும் எர்த் தேவையில்லை என்பது உண்மை. மொபைல் சார்ஜர் போன்றவை இரட்டை இன்சுலேஷனோடு செய்யப்படுகின்றன. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி அவற்றின் முதுகில் இருக்கும். இரண்டு முள்ளே அவற்றுக்குப் போதும். ஆனால் அயர்ன் பாக்ஸ், ஃப்ரிட்ஜ், வெட் கிரைண்டர், வாஷிங் மெஷின், கீசர் என்று உலோக உடம்போடு, பல சமயம் ஈரக் கையோடும் நாம் தொடும் சாமான்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

"எர்த் இல்லாமலேயே இத்தனை நாள் ஓடுகிறதே?" ஓடத்தான் செய்யும். சாமான் நன்றாக இருக்கும்வரை எர்த் வயரில் சொல்லும்படியாக ஒன்றும் பாயாது. சும்மா கிடப்பதுதான் அதன் அன்றாட வேலை. கிரைண்டர் மோட்டாரின் இன்சுலேஷன் ஈரம் குடித்து விட்டுப்போகிற அன்றைக்குத்தான் அது தேவைப்படும். அன்றைக்கு எர்த் இல்லையென்றால் 230 வோல்ட் உடம்பில் ஏறி, தொடுகிற கைக்காகக் காத்திருக்கும். ஈரக் கை, வெறுங்கால், சிமெண்டுத் தரை என்று கணக்குப் போட்டால் மனித உடம்பின் தடையைச் சுமார் 1,500 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். பாயும் கரண்ட் 150 மில்லிஆம்பியர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர் தன்னார்வலர்களை வைத்து அளந்து சொன்ன கணக்கு ஒன்று உண்டு. பிடித்த கம்பியைத் தானாக விட முடிகிற எல்லை, சராசரியாக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5 மில்லிஆம்பியர். அதைத் தாண்டினால் தசை இறுகிக் கை விடாது. 150 என்பது அந்த எல்லைக்கு எவ்வளவு அப்பால் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எர்த் இல்லாததை வீடு சில சமயம் தானாகவே சொல்லும். உலோக உடம்புள்ள லேப்டாப்பை சார்ஜில் போட்டுத் தடவினால் விரலில் ஊர்வது போலிருக்கும். கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்னும். உள்ளே இருக்கும் ஃபில்டர் கபாசிட்டர்கள் வழியாக வரும் சிறு கசிவுக்கு எர்த் என்ற வழி இல்லாததால், அந்த உடம்பு சப்ளையில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்கு எழுந்து நிற்கிறது. கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனாலும் இதற்கு நாம் கண்டுபிடித்த வைத்தியம், செருப்புப் போட்டுக்கொண்டு வேலை செய்வது.

எர்த் இல்லாமல் விடுவதைவிடக் கொடிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு 'ஐடியா' என்று பெயர். எர்த் வயர் இழுக்கவில்லை, ஆனால் வீட்டுக்காரர் கேட்கிறார். சாக்கெட்டின் உள்ளேயே நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு வயரைக் கொடுத்துவிடுவது. "நியூட்ரலும் கடைசியில் பூமிக்குத்தானே போகிறது?" என்று விளக்கமும் கிடைக்கும். டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் பூமியோடு சேர்கிறது என்பது சரி. ஆனால் அங்கிருந்து உங்கள் சாக்கெட் வரைக்கும் எத்தனை இணைப்புகள்! கம்பத்தில், மீட்டரில், மெயின் சுவிட்சில், சுவிட்ச் போர்டில். அவற்றில் ஏதேனும் ஒரு நியூட்ரல் முனை கழன்றால், அந்த லைனில் ஓடிக்கொண்டிருக்கும் பல்போ ஃபேனோ வழியாக ஃபேஸ் மறுபக்கம் வந்து நியூட்ரல் வயர் முழுவதும் 230 வோல்ட் ஏறும். அந்தத் துண்டு வயர் அதை அப்படியே ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். புயலுக்குப் பிறகு கம்பத்தில் திரும்ப இணைக்கும்போது ஃபேஸும் நியூட்ரலும் மாறிவிட்டால் இன்னும் மோசம். எந்தச் சாமானும் கெடாமலேயே வீட்டில் உள்ள எல்லா உலோக உடம்பிலும் நேரடியாகக் கரண்ட். எர்த்தே இல்லாத சாக்கெட்டில் ஆபத்து வர சாமான் கெடவேண்டும். இங்கே வயர்மேன் அந்தத் தேவையையும் நீக்கிவிடுகிறார்! ஃபேன் மட்டும் ஜோராக ஓடும். இதையே தண்ணீர்க் குழாயில் எர்த் கொடுக்கும் பழக்கத்துக்கும் சொல்லலாம். இரும்புக் குழாய் காலத்தில் அதற்குக் கொஞ்சமாவது அர்த்தம் இருந்தது, பிளாஸ்டிக் குழாய் வந்தபின் அதுவும் போயிற்று.

ஃபேஸ் எங்கே, நியூட்ரல் எங்கே என்பதை விரைவாகச் சொல்லிக் கடந்துவிடலாம். எர்த் துளை மேலே இருக்க, சாக்கெட்டை எதிரே நின்று பார்த்தால் வலக்கைப் பக்கம் ஃபேஸ். பின்பக்கமிருந்து வயர் கொடுக்கும்போது இடம் வலமாகிவிடும் என்பதால்தான் முனைகளில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். சுவிட்ச் எப்போதும் ஃபேஸில் இருக்கவேண்டும். நியூட்ரலில் இருந்தால் 'ஆஃப்' செய்த சாமானுக்குள் ஃபேஸ் அப்படியே நின்றுகொண்டிருக்கும். வண்ணத்தில் ஒரு பொறி இருக்கிறது. நம் வீட்டு வயரிங்கில் ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. சாமான்களோடு வரும் கார்டில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். சுவருக்குள் ஃபேஸாக இருக்கக்கூடிய நீலம், சாமானின் வாலில் நியூட்ரல்! வண்ணத்தை வண்ணத்தோடு சேர்ப்பவர் நல்லெண்ணத்தோடுதான் தப்பு செய்கிறார். மாற்றிக் கொடுத்தாலும் ஓடும் என்று நான் மறுபடி சொல்லத் தேவையில்லை.

வயர் சாக்கெட்டுக்குள் சேரும் இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். பைப்புக்குள் நடுவில் ஓடும் நல்ல வயர், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றாதவரை, அனேகமாகத் தானாகக் கெடுவதில்லை. வெப்பம் பிறப்பது முனைகளில்.

2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் எடுக்கும். சாக்கெட் முனையில் ஸ்க்ரூ சரியாக முடுக்கப்படாமல், வயர் ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே அரை ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தடை கூடியதால் கரண்ட் சுமார் 8.5 ஆம்பியராகச் சற்றே குறையும். அந்த முனையில் உண்டாகும் வெப்பம் சுமார் 36 வாட். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வைத்திருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அது ஈயத்தை உருக்கும். நம் வீட்டு வயரின் பிவிசி தோல் தாங்கும் எல்லை 70 டிகிரி. சுவிட்ச் பாக்ஸுக்குள் காற்றோட்டமில்லாத இடத்தில் கட்டைவிரல் அளவு பித்தளையின்மேல் 36 வாட் உட்கார்ந்திருக்கிறது. கீசரில் தண்ணீர் சுடுகிறது. குளிப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது.

இந்தத் தடை அப்படியே நிற்பதுமில்லை. சூடானால் உலோகம் விரியும், ஆறினால் சுருங்கும்; ஒவ்வொரு சுற்றிலும் பிடி தளரும். தளர்ந்த இடத்தில் ஆக்சைடு படியும், தடை ஏறும், இன்னும் சூடாகும். பிளக்கைச் சுற்றிப் பழுப்பேறிய வளையம், மீன் நாற்றம் போன்ற ஒரு வாடை, செருகும்போது உள்ளே 'கிர்ர்' என்ற சத்தம், இவை வந்தபின்னும் "கொஞ்சம் அழுத்திச் செருகு, வரும்" என்கிறோம்.

இதற்கு உலகறிந்த சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. 1965 முதல் 1973 வரை செம்பு விலை ஏறியதால் அங்கே ஏராளமான வீடுகளுக்கு அலுமினிய வயர் போட்டார்கள். விளக்குகள் எரிந்தன, யாருக்கும் புகார் இல்லை. பிறகு சாக்கெட்டுகள் கருகத் தொடங்கின. அங்குள்ள நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் செய்வித்த ஆய்வு, 1972க்கு முன் அலுமினிய வயர் போட்ட வீடுகளில் சாக்கெட் இணைப்புகள் தீப்பிடிக்கும் நிலையை எட்டுவதற்கான வாய்ப்பு செம்பு வீடுகளைவிட 55 மடங்கு என்று சொன்னது. அலுமினியம் மென்மையானது, ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல விலகிக் கொடுக்கும், மேலே படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. ஆணையம் விரலை நீட்டியது இணைப்பின்மேல் என்பதைக் கவனியுங்கள். நம்மிடமும் ரீப்பர் அடித்து அலுமினிய வயர் இழுத்த பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் புதிதாக ஒரு பாயிண்ட் எடுக்கும்போது செம்பு வயரை அலுமினியத்தோடு முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போகிறார்கள். இரண்டு உலோகங்கள், நடுவே மழைக்கால ஈரம். அரிப்புக்கு இதைவிட வசதி வேண்டாம்.

முறுக்கி டேப் சுற்றுவதை ஓர் இணைப்பு முறை என்றே நான் ஏற்பதில்லை. டேப் மறைக்கும், பிடிக்காது. வெயில்கால வெப்பத்தில் பசை இளகி டேப் தானே அவிழ்ந்துகொள்ளும். கன்சீல்டு பைப்புக்குள் அப்படி ஒரு முடிச்சைத் தள்ளிவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று கட்டியவருக்கும் பிறகு தெரியாது. இணைப்பு இருக்கவேண்டிய இடம் திறந்து பார்க்க முடிகிற பாக்ஸ். இருக்கவேண்டிய விதம் ஸ்க்ரூ கனெக்டரோ கிளாம்ப் கனெக்டரோ. திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும், உரித்த வயரை நேரடியாகச் சாக்கெட் துளையில் நுழைத்து, கழன்றுவிடாமல் தீக்குச்சியை ஆப்பாகச் சொருகும் வித்தையைப் பற்றி என்ன சொல்ல? பொறி பறக்கக்கூடிய ஓர் இடத்துக்கு ஆப்பு வைக்கத் தேர்ந்தெடுத்த பொருளைப் பாருங்கள்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களிடம் வேறொரு நம்பிக்கை உண்டு. பல இழை வயரின் முனைக்கு ஈயம் பற்றவைத்து, அதை ஸ்க்ரூவுக்கு அடியில் முடுக்கினால் பலம் என்பார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஈயக்கலவை அழுத்தத்தில் நாளாக நாளாக நசுங்கும். இன்று இறுக்கமாக இருக்கும் ஸ்க்ரூ ஆறு மாதத்தில் ஆடும். ஈயம் முடிகிற இடத்தில் வயர் விறைத்து, அசைவில் முறியவும் செய்யும். இழைகளைச் சேர்த்துப் பிடிக்கவேண்டுமானால் அதற்கென்றே லக் இருக்கிறது. கிரிம்பிங் கருவியால் நசுக்கிப் பிடித்தால் ஆயிற்று. விலை சில ரூபாய்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் பெரிய பீரங்கி வெளியே வரும்: "அதுக்குத்தானே எம்சிபி போட்டிருக்கு? ஏதாவது ஆனா டிரிப் ஆயிடும்."

மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். லூஸ் முனையால் கரண்ட் 8.7இலிருந்து 8.5 ஆகக் குறைந்தது. 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது ஓய்வு நேரம். சாக்கெட் உருகி வழிந்தாலும் கரண்ட் அளவு மீறாதவரை அது அசையாது. ஆளுக்கு ஷாக் அடிக்கும்போதோ? 150 மில்லிஆம்பியர் என்பது 16 ஆம்பியரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. எம்சிபி காப்பது வயரை; அதுவும் ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் என்ற இரண்டிலிருந்து மட்டும்.

"எங்கள் வீட்டில் எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, பைப் இறக்கியிருக்கிறோமே" என்பவருக்கும் ஒரு கணக்கு. குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் அதுவும் ஏறும். உடம்பில் கரண்ட் ஏறிய கிரைண்டரிலிருந்து எர்த் வழியே போவது அதிகபட்சம் 23 ஆம்பியர். வீட்டு எம்சிபிக்கான தரத்தின்படி, 16 ஆம்பியர் எம்சிபி 18 ஆம்பியரில் ஒரு மணி நேரம் விழாமல் நிற்கவேண்டும், 23.2 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழவேண்டும். வீடுகளில் அதிகம் போடும் 'சி' வகை உடனடியாக விழ 80 முதல் 160 ஆம்பியர் தேவை. அதாவது முறையாக எர்த் போட்ட வீட்டிலேயே, கரண்ட் ஏறிய கிரைண்டர் ஒரு மணி நேரம் அப்படியே நிற்கலாம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆர்சிசிபி என்ற இன்னொரு கருவி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்த்து, 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தால் நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டிக்கும். எம்சிபியும் அதுவும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல் இருப்பதால் ஒன்றிருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். ஆர்சிசிபியில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும், அடையாளம் அதுதான்.

அடுத்த வாதம் வயதில் மூத்தது: "முப்பது வருஷமா இப்படித்தான் இருக்கு, ஒண்ணும் ஆகல." ஆகாதவர்கள் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும் என்பது ஒரு பக்கம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில், மின்சாரம் தாக்கி இறந்தோர் சமீப ஆண்டுகளில் நாடு முழுவதும் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல். வயலில் அறுந்து கிடக்கும் கம்பி, பம்ப்செட் எல்லாம் அதில் சேரும், வீடுகள் மட்டுமல்ல. ஆனாலும் அவர்களில் யாரும் வந்து முப்பது வருஷக் கதை சொல்லப்போவதில்லை. மறுபக்கம், முப்பது வருஷமாக வீடு அதே வீடு இல்லை. அன்றைக்கு அந்த லைனில் ஒரு டியூப்லைட், இரண்டு ஃபேன், ஒரு டிவி. இன்றைக்கு அதே வயரில் இண்டக்ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், கீசர், இரவு முழுக்க ஏசி. அன்று ஓர் ஆம்பியர் பாய்ந்த முனையில் இன்று பத்து பாய்கிறது. கரண்ட் பத்து மடங்கானால் லூஸ் முனையில் வெப்பம் நூறு மடங்காகும், ஏனென்றால் அது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. பிவிசி தோலுக்கோ முப்பது வயது ஏறியிருக்கிறது.

சரி, ஓட்டிப் பார்ப்பது சோதனை இல்லை என்றால் எது சோதனை? சட்டைப் பையில் சொருகிய நியான் டெஸ்டரும் இல்லை. அது ஃபேஸ் இருப்பதை மட்டும் சொல்லும். எர்த் உண்டா என்று அதற்குத் தெரியாது. நியூட்ரல் அறுந்த லைனில் ஏதாவது சாமான் 'ஆன்' ஆகியிருந்தால் இரண்டு துளையிலும் எரிந்து குழப்பும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் பிடிப்பது சற்று மேல், அதுவும் போதாது. 15 வாட் பல்புக்கு 65 மில்லிஆம்பியர் போதும், பெயருக்கு இருக்கும் எர்த்திலும் எரிந்துவிடும். மல்டிமீட்டர் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் வோல்ட்டில் காட்டும். வயர் மாறியிருந்தால் பிடிபடும். எர்த் உண்மையில் எவ்வளவு கரண்ட்டைத் தாங்கும் என்று அறிய எர்த் டெஸ்டரோ லூப் இம்பீடன்ஸ் மீட்டரோ வேண்டும். முனை இறுக்கமாக இருக்கிறதா என்பதை எந்த மீட்டரும் எளிதில் சொல்லாது. அதைச் செய்கிற கைதான் சொல்லவேண்டும்.

அந்தக் கை செய்யவேண்டியது என்ன? முதலில் மெயினை அணைப்பது. அணைத்தால் போதாது, இன்வெர்ட்டரையும் அணைக்கவேண்டும். மெயின் 'ஆஃப்' ஆனதும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு இன்வெர்ட்டர் உயிரோடு லைனுக்குள் சப்ளை கொடுப்பதை நம் வீடுகளில் பலர் மறந்துவிடுகிறார்கள். மின்வெட்டுக்குப் பயந்து வாங்கியது ரிப்பேர் நேரத்தில் எமனாகும். இரண்டையும் அணைத்தபின், தொடுவதற்கு முன் அந்த இடத்திலேயே சோதித்துப் பார்க்கவேண்டும். பிறகு சரியான வயர். லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 என்பது வழக்கம். பவர் பிளக் ஒவ்வொன்றுக்கும் டிபி பாக்ஸிலிருந்து தனி லைன். தோலைப் பல்லால் கடித்து உரித்தால் இழைகளில் நாலைந்து தோலோடு போய்விடும், மீதி இழைகள் முழுச் சுமையையும் சுமக்கும், அதனால் ஸ்டிரிப்பர். முனைக்கு வெளியே செம்பு தெரியக்கூடாது, ஸ்க்ரூவுக்கு அடியில் தோல் மாட்டக்கூடாது. இழைகளை முறுக்கி, துளை பெரிதாக இருந்தால் இரண்டாக மடித்து நுழைக்கவேண்டும். ஒரே முனையில் தடித்த வயரையும் மெல்லிய வயரையும் சேர்த்துத் திணித்தால் ஸ்க்ரூ தடித்ததன்மேல் உட்கார்ந்துவிடும், மெல்லியது ஊசலாடும். முடுக்கியபின் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்க்கவேண்டும். இந்த இழுப்புக்கு ஆகும் நேரம் இரண்டு நொடி. பிளக் டாப் மாட்டும்போது கார்டை கிளிப் பிடித்திருக்கவேண்டும். உள்ளே எர்த் வயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடவேண்டும். யாராவது கார்டைப் பிடித்து இழுத்து வயர் பிடுங்கிக்கொண்டால் ஃபேஸ் முதலில் அறுந்து, எர்த் கடைசியாக அறும்.

இதில் எதுவும் ரகசியமில்லை. லைசென்ஸ் உள்ள வயர்மேனுக்கு இவ்வளவும் தெரியும். பிறகு ஏன் நடப்பதில்லை? அவர் கூலி பாயிண்ட் கணக்கு. பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசி, அதிலும் பேரம் பேசிக் குறைத்தவர்கள் நாம். இழுத்துப் பார்ப்பதற்கும், மீட்டர் வைத்து அளப்பதற்கும், கழற்றி மறுபடி முடுக்குவதற்கும் அந்தக் கணக்கில் காசு இல்லை. "எரியுது சார்" என்பது அவர் கண்டுபிடித்த சோதனை என்று நினைக்க வேண்டாம். நாம் பணம் கொடுக்க ஒப்புக்கொண்ட ஒரே சோதனை அது.

இதன் உச்சத்தைப் பார்க்கவேண்டுமானால் பழைய வயரிங்கில் ஆர்சிசிபி மாட்டிய வீட்டுக்குப் போகவேண்டும். மாட்டிய மறுநாளே அது விழ ஆரம்பிக்கும். கீசர் போட்டால் விழும், மழை பெய்தால் விழும், மாடி லைட்டைப் போட்டால் விழும். கருவி மட்டம் என்று முடிவு செய்து, வயர்மேனைக் கூப்பிட்டு, அதைத் தாண்டி 'டைரக்ட்' கொடுக்கச் சொல்வார்கள். எல்லாச் சாமானும் மறுபடி ஓடும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் கருவி அதுவரை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மாடி லைட் பக்கத்து லைனின் நியூட்ரலைக் கடன் வாங்கியிருக்கும். ஏதோ ஒரு சாக்கெட்டில் நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கும். கீசரின் எலிமெண்ட் தண்ணீருக்குள் கசிய ஆரம்பித்திருக்கும். கண்டுபிடிக்கும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். எல்லா பிளக்கையும் உருவிவிட்டு, ஒவ்வொரு லைனாக ஃபேஸோடு நியூட்ரலையும் கழற்றி, ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து, எது சேர்ந்ததும் விழுகிறது என்று பார்த்து, அந்த லைனில் உள்ள பாக்ஸ்களைத் திறக்கவேண்டும். அரை நாள் வேலை. அந்த அரை நாள் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கவேண்டியவர் வீட்டுக்காரர்.